‘அவர்’ யார்? மூன்றாம் ஆலயத்துக்குக் காத்திருக்கும் தீர்க்கதரிசனம்

தமிழ் வேதாகமத்தில் தானியேல் 9:27 இப்படித் தொடங்குகிறது: “அவர் ஒரு வாரமளவும் அநேகருக்கு உடன்படிக்கையை உறுதிப்படுத்தி, அந்த வாரம் பாதி சென்றபோது பலியையும் காணிக்கையையும் ஒழியப்பண்ணுவார்.” கடைசிக் காலத்தைப் பற்றிய கூட்டங்களில் இந்த வசனம் வாசிக்கப்படாமல் இருப்பது அரிது. வாசித்து முடித்ததும் விளக்கம் வரும். அந்திக்கிறிஸ்து இஸ்ரவேலோடு ஏழு வருஷ ஒப்பந்தம் போடுவான், எருசலேமில் இருமுறை கட்டப்பட்டு அழிந்த யூத ஆலயம் மறுபடி எழும்பும், மூன்றரை வருஷம் கழிந்ததும் ஒப்பந்தத்தை முறித்துப் பலியை நிறுத்துவான், அந்த ஆலயத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்து தன்னைத் தேவன் என்பான். விளக்கம் முழுக்க ‘அவன்’. கையிலிருக்கும் புத்தகத்தில் ‘அவர்’.

அச்சுப்பிழை இல்லை. எபிரெய வினைச்சொல் ஆண்பால் ஒருமை என்பதை மட்டும் சொல்லும், மரியாதை சொல்லாது. ஆங்கிலமும் அப்படியே தப்பித்துக்கொள்ளும். தமிழில் மொழிபெயர்க்கிறவர் அவரா அவனா என்று முடிவெடுக்காமல் ஓர் அடி நகர முடியாது. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த மொழிபெயர்ப்பு ‘அவர்’ என்று முடிவெடுத்தது. முந்தின வசனத்தில் சங்கரிக்கப்படும் மேசியாவே இங்கேயும் எழுவாய், அவருடைய மரணமே பலிகளுக்கு முற்றுப்புள்ளி என்பது அந்த முடிவின் பொருள். திருச்சபையில் நெடுங்காலமாக இருந்துவந்த வாசிப்பு அது. எதிர்த்தரப்புக்கும் இலக்கணத்தில் இடமுண்டு. வசனம் 26இல் கடைசியாகப் பேசப்படுகிறவர் மேசியா அல்ல, நகரத்தை அழிக்கிற ஜனங்களின் ‘வரப்போகிற பிரபு’. அருகில் இருப்பவரையே எழுவாயாகக் கொண்டால் ‘அவன்’ ஆகிவிடும்.

மூன்றாவதாக வரலாற்று ஆய்வாளர்களின் வாசிப்பு ஒன்று இருக்கிறது. அவர்களுக்கும் ‘அவன்’தான், ஆனால் அந்த அவன் கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தில் அன்றாடப் பலியை நிறுத்தி, பலிபீடத்தின்மேல் கிரேக்கக் கடவுளுக்குப் பீடம் வைத்த செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோகஸ். ஏறத்தாழ மூன்று வருஷம் கழித்து, கி.மு. 164இல் யூதக் கிளர்ச்சியாளரான மக்கபேயர் அந்த ஆலயத்தைச் சுத்திகரித்தார்கள். யூதர்களின் ஹனுக்கா பண்டிகை அதன் நினைவு. ஆக, கிறிஸ்து, அந்தியோகஸ், இனி வரப்போகும் அந்திக்கிறிஸ்து என்று மூன்று பேர் இந்த ஒரு சொல்லுக்கு உரிமை கோருகிறார்கள். முதல் இருவரில் யார் என்றாலும் விஷயம் முடிந்துபோன கதை. மூன்றாமவர் என்றால் மட்டுமே நிறுத்துவதற்குப் பலி வேண்டும், பலி செலுத்த ஆலயம் வேண்டும்.

நின்றுபோன கடிகாரம்

தானியேல் சொல்லும் எழுபது வாரம் என்பது வாரத்துக்கு ஏழு வருஷம் என்ற கணக்கில் 490 வருஷம். அதில் ஏழும் அறுபத்திரண்டுமாக 69 வாரம், அதாவது 483 வருஷம், மேசியா வரைக்கும். இந்தக் கணக்கைப் பிரபலப்படுத்தியவர் லண்டன் காவல் துறையின் உயரதிகாரியாக இருந்த சர் ராபர்ட் ஆண்டர்சன். வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்து 483ஐப் பெருக்கினார். 1,73,880 நாள் வந்தது. நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்ட அர்தசஷ்டா ராஜாவிடம் அனுமதி பெற்றதைக் கி.மு. 445 மார்ச் 14 என்று குறித்து, அங்கிருந்து எண்ணினார். கி.பி. 32 ஏப்ரல் 6இல் வந்து நின்றது. இயேசு கழுதைக்குட்டியின்மேல் எருசலேமுக்குள் வந்த நாள் அதுவே என்றார்.

பெருக்கல் சரி. 360தான் இடிக்கிறது. 42 மாதத்தையும் 1,260 நாளையும் ஒன்றாகச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து அந்த எண்ணை எடுத்தார்கள். ஆனால் யூதர்களின் நாட்காட்டி சந்திர மாதங்களில் ஓடினாலும், பஸ்கா எப்போதும் வசந்தத்திலேயே விழவேண்டும் என்பதற்காகச் சில வருஷங்களில் பதின்மூன்றாவது மாதம் ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். 360 நாள் வருஷத்தை வைத்து எந்த யூதரும் 483 வருஷம் வாழ்ந்ததில்லை. சூரிய வருஷத்தில் பார்த்தால் ஆண்டர்சனின் 1,73,880 நாள் 476 வருஷமும் சுமார் 25 நாளும்தான். பின்னால் வந்தவர்கள் சிலர் தொடக்கத்தைக் கி.மு. 444க்கும் முடிவைக் கி.பி. 33க்கும் தள்ளிச் சரிக்கட்டினார்கள். தொடக்க நாளைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம், வருஷத்தின் நீளத்தையும் தேர்ந்துகொள்ளலாம் என்றால் எந்தக் கணக்கும் ஏதாவது ஒரு நாளில் போய்ச் சேரும்.

இந்த வாசிப்பின்படி 69ஆம் வாரம் முடிந்ததும் கடிகாரம் நின்றுவிட்டது. 70ஆம் வாரம் இன்னும் தொடங்கவில்லை. நடுவில் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷ இடைவெளி. இதை ஓர் ஒழுங்கான அமைப்பாக ஆக்கியவர் சகோதரர் சபையின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி (1800–1882). இஸ்ரவேலுக்குத் தேவன் வைத்திருக்கும் திட்டம் வேறு, சபைக்கு வைத்திருக்கும் திட்டம் வேறு. கிறிஸ்துவின் இரகசிய வருகையில் சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதும் இஸ்ரவேலின் கடிகாரம் மறுபடி ஓடும் என்றார். 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் இதை அடிக்குறிப்புகளாக வசனத்துக்குக் கீழேயே அச்சிட்டது. குறிப்பு எது வசனம் எது என்ற கோடு பல வாசகர்களுக்கு அங்கே அழிந்துபோனது. தமிழ் நாட்டுக்கு இந்தச் சகோதரர் சபை மரபு அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1833இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், அவரோடு நெருங்கியிருந்த திருநெல்வேலிக்காரர் ஜான் அருளப்பன் என்று அந்தத் தொடர்பு நீள்கிறது. இரகசிய வருகை, உபத்திரவ காலம், ஆயிரவருஷ அரசாட்சி எல்லாம் இன்று பல தமிழ்ச் சபைகளில் அன்றாடச் சொற்கள்.

டார்பிதான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே சபைப் பிதாவான இரேனேயு, அந்திக்கிறிஸ்து எருசலேம் ஆலயத்தில் மூன்றரை வருஷம் உட்காருவான் என்று எழுதினார். நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயராக இருந்த சிரிலும் அப்படியே போதித்தார். அந்தச் சிரிலின் காலத்திலேயே ஆலயம் கட்டும் முயற்சி உண்மையில் ஒருமுறை நடந்தது என்பது வேடிக்கை. கி.பி. 363இல் கிறிஸ்தவத்தைக் கைவிட்ட ரோமப் பேரரசன் ஜூலியன் யூத ஆலயத்தைத் திரும்பக் கட்ட உத்தரவிட்டான். அஸ்திவாரத்தின் அருகே தீப்பந்துகள் வெடித்து வேலையாட்களை விரட்டியதாக, கிறிஸ்தவரல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் குறித்திருக்கிறார். அந்த வருஷம் மே மாதத்தில் அந்தப் பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. ஜூனில் ஜூலியன் பாரசீகப் போரில் செத்தான். வேலை அதோடு நின்றது.

நான்கு வசனம், ஒரு ஊகம்

ஆலயம் வந்தாகவேண்டும் என்பதற்குக் காட்டப்படும் முக்கிய வசனங்கள் நான்கு: தானியேல் 9:27, மத்தேயு 24:15, 2 தெசலோனிக்கேயர் 2:4, வெளிப்படுத்தின விசேஷம் 11:1-2. நான்கில் ஒன்றுகூட ஆலயத்தைக் கட்டுங்கள் என்றோ கட்டப்படும் என்றோ சொல்லவில்லை. எல்லாமே ஆலயம் ஏற்கெனவே நிற்பதாக வைத்துக்கொண்டு, அதில் நடக்கும் அக்கிரமத்தையோ அதை அளப்பதையோ பேசுகின்றன. தீட்டுப்படுத்தப்பட ஓர் ஆலயம் வேண்டும், இன்று ஆலயம் இல்லை, ஆகவே கட்டப்பட வேண்டும். மூன்றாவது படி ஊகம். தவறான ஊகம் என்று சொல்லவில்லை, ஊகம் என்கிறேன்.

மத்தேயுவில் இயேசு ‘பாழாக்குகிற அருவருப்பு’ பற்றிப் பேசும்போது ஏரோது பெரிதாக்கிய இரண்டாம் ஆலயம் கண்முன்னே நின்றது. அதே பேச்சை எழுதும் லூக்கா அந்த இடத்தில் “எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதை நீங்கள் காணும்போது” என்கிறார். அது கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை வந்து ஆலயத்தை இடித்தபோது நடந்தேறியது என்று படிக்க லூக்காவே வழிவிடுகிறார். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியபோதும் ஆலயம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கி.பி. 40இல், பேரரசன் காலிகுலா தன் சிலையை அதற்குள் வைக்க உத்தரவிட்ட அதிர்ச்சியும் அடங்கியிருக்காது. போதாததற்கு ‘தேவனுடைய ஆலயம்’ என்று பவுல் அங்கே எழுதும் அதே கிரேக்கச் சொல்லைத்தான் 1 கொரிந்தியர் 3:16இல் “நீங்கள் தேவனுடைய ஆலயமாயிருக்கிறீர்கள்” என்று விசுவாசிகளுக்கும் எழுதுகிறார். மார்ட்டின் லூத்தரும் மற்றச் சீர்திருத்தக்காரர்களும் இதைப் பிடித்துக்கொண்டு, ஆலயம் என்றால் சபை, உள்ளே உட்கார்ந்திருப்பவன் போப் என்றார்கள்.

எதிர்கால ஆலயத்துக்கு உள்ளதிலேயே வலுவான சான்று வெளிப்படுத்தின விசேஷம். அது கி.பி. 95 வாக்கில் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலோர் கருத்து. அப்படியானால் ஆலயம் இடிந்து இருபத்தைந்து வருஷம் கழித்து யோவானிடம் அளவுகோலைக் கொடுத்து “தேவனுடைய ஆலயத்தை” அளக்கச் சொல்வது எந்த ஆலயத்தை? அடையாளமாகச் சபையை என்று ஒரு பதில் உண்டு. ஆனாலும் கேள்வி நியாயமானது.

இடம் இருக்கிறது, புள்ளி தெரியவில்லை

யூதர்கள் ஆலய மலை என்றும் முஸ்லிம்கள் அல்-ஹரம் அஷ்-ஷரீஃப் என்றும் அழைக்கும் மேடை ஒழுங்கற்ற நாற்கோணம். மேற்குச் சுவர் 488 மீட்டர், கிழக்கு 470, வடக்கு 315, தெற்கு 280. யூதர்களின் பழைய நியமத் தொகுப்பான மிஷ்னா தரும் அளவுப்படி இரண்டாம் ஆலயத்தின் பிராகாரம் 187 முழ நீளம், 135 முழ அகலம். ஏறத்தாழ 90 மீட்டருக்கு 65 மீட்டர். வெறும் பரப்பளவைப் பார்த்தால் தாராளமாக இடம் உண்டு. ஆனால் யூத நியமப்படி பலிபீடத்தை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. பழைய பீடம் நின்ற அதே இடத்தில்தான் வைக்கவேண்டும்.

அந்த இடம் எது என்பதில்தான் சண்டை. கி.பி. 691-692இல் கலீஃபா அப்துல் மலிக் கட்டி முடித்த பாறைக் குவிமாடத்துக்குள், தமிழ் முஸ்லிம்கள் குப்பத்துஸ் ஸக்ரா என்று சொல்லும் அதே கட்டடத்தின் நடுவே, துருத்திக்கொண்டு நிற்கும் பாறைதான் ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் தரை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நெதர்லாந்துக்காரரான லீன் ரிட்மையர் ஒரு படி மேலே போய், அந்தப் பாறையில் உள்ள செவ்வகப் பள்ளமே உடன்படிக்கைப் பெட்டி இருந்த இடம் என்கிறார். அப்படியானால் குவிமாடம் நிற்கும்வரை ஆலயம் கிடையாது.

இயற்பியலாளர் ஆஷர் காஃப்மன் ஆலயம் வடக்கே தள்ளி, சிறிய ‘ஆவிகளின் குவிமாடம்’ இருக்கும் இடத்தில் இருந்தது என்றார். தொல்லியலாளர்களிடம் இது எடுபடவில்லை. தீர்க்கதரிசன ஆசிரியர்களிடம் பிய்த்துக்கொண்டு போனது. காரணம் வெளிப்படுத்தின விசேஷம் 11:2. வெளிப்பிராகாரத்தை அளக்காதே, அது புறஜாதியாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறது வசனம். காஃப்மன் கணக்குப்படி குவிமாடம் அந்த வெளிப்பிராகாரத்தில் விழுகிறது! குவிமாடத்தை இடிக்காமலே பக்கத்தில் ஆலயம் கட்டிவிடலாம். ஏழு வருஷ ஒப்பந்தத்தின் ஷரத்தே அதுதான் என்று கதை பின்ன வசதியாகிவிட்டது. ஆலயம் மேடையிலேயே இல்லை, தெற்கே தாவீதின் நகரத்தில் கீகோன் ஊற்றுக்கு மேலே இருந்தது என்பது இன்னொரு கட்சி. அங்கே ஆலயத்தின் ஒரு கல்லும் கிடைக்கவில்லை.

மேடைக்குள் முறையான அகழாய்வு நடந்ததே இல்லை, இனியும் நடக்காது என்பதால் எந்தக் கட்சியும் தோற்பதில்லை. 1999இல் மேடைக்கு அடியிலுள்ள மர்வானி தொழுகைக்கூடத்துக்கு வாசல் அமைக்கத் தோண்டி லாரிகளில் கொட்டிய மண்ணை, 2004 முதல் தொல்லியலாளர்கள் சலித்துப் பார்த்துவருகிறார்கள். உள்ளிருந்து வந்தது அவ்வளவே.

எசேக்கியேல் 40 முதல் 48 வரையுள்ள ஆலயத்தையே கட்டவேண்டும் என்போருக்குச் சிக்கல் வேறு. எசேக்கியேல் 42:16 நமது வேதாகமத்தில் ஒரு பக்கத்தை “ஐந்நூறு கோல்” என்கிறது. ஒரு கோல் ஆறு முழம். அதுவும் நான்கு விரற்கடை கூடுதலான பெரிய முழம். 500 கோல் என்றால் 3,000 முழம், பக்கத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். மேடையின் நீளமான சுவரே அரைக் கிலோமீட்டரைத் தொடவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இங்கே கோல் என்பதற்குப் பதில் முழம் என்கிறது. அப்படியானால் சுமார் 260 மீட்டர், மேடைக்குள் அடங்கும். கோல்தான் என்று அடம்பிடிப்பவர்கள், ஒலிவமலை இரண்டாகப் பிளந்து நில அமைப்பே மாறும் என்று சகரியா 14ஐக் காட்டவேண்டியிருக்கிறது.

கிடாரிக் கணக்கு

இப்போது மாட்டுக்கு வருவோம்: ஆலயச் சடங்குக்கு வேண்டிய சிவப்புக் கிடாரி, அதாவது கன்று ஈனாத இளம் பசு. வாட்ஸப்பில் சுற்றும் படங்களில் பாதி இதைப் பற்றித்தான்.

பிணத்தைத் தொட்டவரும், பிணம் கிடக்கும் அதே கூரையின்கீழ் இருந்தவரும் ஏழு நாள் தீட்டு என்கிறது எண்ணாகமம் 19. சாவுத்தீட்டு என்றால் என்னவென்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இது பதினாறாம் நாள் காரியத்தோடு தானாகப் போய்விடாது. ஊற்றுநீரில் சிவப்புக் கிடாரியின் சாம்பலைக் கலந்து மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளித்தால்தான் போகும். இரண்டாம் ஆலயம் அழிந்தபின் புதிதாகக் கிடாரி எரிக்கப்படவில்லை. இருந்த சாம்பலும் காலப்போக்கில் தீர்ந்தது. ஆகவே இன்று எல்லா யூதரும் தீட்டுள்ளவர்கள், ஆலயப் பிராகாரத்துக்குள் கால்வைக்கக் கூடாதவர்கள். 1967இல் ஆலய மலை இஸ்ரவேலின் கைக்கு வந்ததும் யூத மதகுருக்களான தலைமை ரபிகள், யூதர்கள் உள்ளே போகவே தடை விதித்ததற்கு இதுதான் மூலக் காரணம். முஸ்லிமல்லாதவர்கள் நுழையும் ஒரே வழியான முக்ராபி வாசலருகே அந்தத் தடை பலகையாக நிற்கிறது. சுற்றுலாக் குழுக்கள் அதைத் தாண்டித்தான் போகின்றன.

கிடாரி எப்படியிருக்க வேண்டும்? “பழுதற்றதும் ஊனமில்லாததும் நுகத்தடிக்கு உட்படாததுமாகிய சிவப்பான ஒரு கிடாரி” என்கிறது வசனம். மிஷ்னா இதை நுணுக்கிவிட்டது. ஒரே மயிர்க்குழியில் இரண்டு கறுப்போ வெள்ளையோ முடி இருந்தால் தள்ளுபடி. வயது மூன்று அல்லது நான்கு என்பது ரபிகளில் பெரும்பான்மைக் கருத்து. அதன்மேல் யாரும் சாய்ந்திருக்கக் கூடாது, கயிற்றை மடித்து முதுகில் போட்டிருக்கக் கூடாது, மேல்துணியை வைத்திருக்கக் கூடாது; வைத்தால் அது வேலை வாங்கியதாகிவிடும். பறவை தானாக வந்து உட்கார்ந்தால் பரவாயில்லை.

இந்தச் சல்லடையில் நிற்கும் மாடு எவ்வளவு அபூர்வம் என்பதற்கு 1996இல் இஸ்ரவேலின் கஃபார் ஹசிதிமில் பிறந்த மெலடி சாட்சி. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. சில மாதங்களில் வாலில் வெள்ளை முடி வந்தது, கதை முடிந்தது. மாட்டின் நிறம் கன்றில் தெரிவதில்லை. வளர வளரத்தான் முடி மாறும். ஒரு வயதுக் கன்றைப் பார்த்து ‘கிடைத்துவிட்டது’ என்று கூவுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். அதற்கும் முன்பே மிசிசிப்பியின் பெந்தெகொஸ்தே பிரசங்கியும் மாட்டுப் பண்ணைக்காரருமான கிளைட் லாட், சிவப்பு ஆங்கஸ் இன மாடுகளை இஸ்ரவேலுக்கு அனுப்ப ரபிகளோடு பேசியிருந்தார். 2022 செப்டம்பரில் டெக்சாஸிலிருந்து ஐந்து சிவப்புக் கன்றுகள் விமானத்தில் வந்திறங்கின. பின்னர் இவற்றை மேற்குக் கரையிலுள்ள சீலோவில் வைத்துப் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள்.

மாடு கிடைத்துவிட்டாலும் அதைக் கையாள்பவர் தீட்டில்லாதவராக இருக்கவேண்டும். சாம்பல் இல்லாமல் தீட்டுப் போகாது, தீட்டுப் போகாமல் சாம்பல் செய்ய முடியாது. பழங்காலத்தவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அடியில் கல்லறை ஏதும் இருந்தாலும் தீட்டு மேலே ஏறாதபடி, பாறைமேல் கீழே வெற்றிடம் விட்டுக் கட்டிய முற்றங்களில் கர்ப்பிணிகளைக் கொண்டுவந்து பிரசவிக்கச் செய்து, பிள்ளைகளை அங்கேயே வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் கால் தரையில் படாமல், எருதுகளின் முதுகில் கதவுப் பலகை போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கல் கிண்ணங்களோடு சீலோவாம் குளத்துக்குப் போய் நீர் மொண்டு வருவார்கள். இன்றைக்கு மருத்துவமனையில் பிறந்தாலே சிக்கல்தான். அங்கே ஒரே கூரையின்கீழ் பிணமும் இருக்குமே.

எரிப்பது ஒலிவமலையில், ஆலய வாசலுக்கு நேர் எதிரே. ஆசாரியன் மேற்கு நோக்கி நின்று, இடது உள்ளங்கையில் இரத்தத்தை ஏந்தி, வலது விரலால் ஆலயத் திசையில் ஏழு தரம் தெளிப்பான். நெருப்பில் கேதுருக்கட்டை, ஈசோப்பு, சிவப்புநூல் போடுவான். எரிந்ததை இடித்துச் சலித்து மூன்று பங்காக்குவார்கள். நீரின்மேல் கண்ணுக்குத் தெரியும் அளவு சாம்பல் போதும் என்பதால் ஒரு மாடு பல தலைமுறைக்கு வரும். மோசே தொடங்கி இரண்டாம் ஆலயம் அழிந்தவரை ஒன்பது கிடாரிகள்தான் எரிக்கப்பட்டன, பத்தாவதை மேசியா செய்வார் என்று 12ஆம் நூற்றாண்டில் யூத நியம அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். ‘பத்தாவது கிடாரி’ என்ற பரபரப்புத் தலைப்பெல்லாம் இங்கிருந்து கிளம்பியதுதான். இன்றைய ஒலிவமலைச் சரிவோ மாபெரும் யூதக் கல்லறைத் தோட்டம். தீட்டுப்படாமல் அங்கே போய்ச் சேருவதே ஒரு கட்டுமான வேலை. முற்காலத்தில் அதற்கென்றே ஆலய மலையிலிருந்து வளைவுகளுக்கு மேல் வளைவு கட்டிப் பாதை போட்டிருந்தார்கள்.

இத்தனையும் சொன்னபின் ஒன்றைச் சொல்லவேண்டும். யூத நியமத்தில் பஸ்கா பலிக்கு விலக்கு உண்டு. ஜனங்களில் பெரும்பாலோர் தீட்டுள்ளவர்கள் என்றால் தீட்டோடேயே அதைச் செலுத்தலாம். ஆலயக் கட்டடம் இல்லாமல் பீடத்தில் மட்டும் பலி செலுத்தலாம் என்றும் பழைய கருத்து உண்டு. ஆகவே கிடாரி இல்லாததால்தான் பலி தொடங்கவில்லை என்பது முழு உண்மையல்ல. பஸ்கா வந்தால் ஆட்டுக்குட்டியோடு ஆலய மலைக்குப் போக முயலும் சிறு குழுக்களை இஸ்ரவேல் போலீஸ்தான் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. தடை மாட்டில் இல்லை, அரசியலில் இருக்கிறது.

ஒரே மலையில் வெவ்வேறு எதிர்பார்ப்பு

1967 ஜூனில் ஆலய மலை கைக்கு வந்த சில நாட்களிலேயே இஸ்ரவேலின் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் குவிமாடத்தில் ஏற்றியிருந்த இஸ்ரவேல் கொடியை இறக்கச் சொல்லி, உள்நிர்வாகத்தை வக்ஃபிடம் விட்டார். முஸ்லிம்கள் தொழலாம், மற்றவர்கள் பார்க்கலாம் என்ற ஏற்பாடு அப்போதிலிருந்து. யோர்தானின் சிறப்புப் பொறுப்பை 1994 சமாதான ஒப்பந்தமும் ஏற்றது. அண்மை ஆண்டுகளில் அந்த ஏற்பாடு கரைந்துவருகிறது. அமைச்சர் இதமார் பென் குவிர் போன்றோர் அங்கே வெளிப்படையாகவே ஜெபிக்கிறார்கள்.

எருசலேமின் பழைய நகரில் 1987இல் ரபி இஸ்ரவேல் ஆரியேல் தொடங்கிய ஆலய நிறுவனம் குத்துவிளக்கு, ஆசாரிய உடை, வெள்ளிப் பூரிகை எல்லாம் செய்து வைத்திருக்கிறது. ஏழு கிளை விளக்கில் மட்டும் 45 கிலோ தங்கம். இவற்றைப் பார்த்து ‘எல்லாம் ரெடி’ என்று மேடையில் முழங்குபவர்கள், யூதர்களிலேயே பெரும்பாலான ரபிகள் இந்த அவசரத்தை ஏற்பதில்லை என்பதைச் சொல்வதில்லை. ஆலயம் வானத்திலிருந்து ஆயத்தமாக இறங்கும் என்பது இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியின் கருத்து. மேசியா வந்துதான் கட்டுவார் என்பது மைமோனிடிஸ். மனிதர் முன்கூட்டிக் கட்டவேண்டும் என்பது சிறுபான்மை.

அந்தச் சிறுபான்மையும் அமெரிக்கக் கிறிஸ்தவ ஆதரவாளரும் ஒரே கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்கும்போது, மனதில் ஓடுவது இரண்டு வெவ்வேறு முடிவுகள். ரபிக்கு ஆலயம் மீட்பு. ஆதரவாளரின் அட்டவணையிலோ அந்த ஆலயம் அந்திக்கிறிஸ்து உட்காரப்போகும் நாற்காலி. அதன்பின் யூதருக்கு வருவது மகா உபத்திரவம், சகரியா 13:8இன்படி மூன்றில் இரண்டு பங்கு அழிவு. ஆதரவாளர் அந்நேரம் இரகசிய வருகையில் போய்விட்டிருப்பார். இறையியல் கருத்து வேறுபாடு என்பதற்கும் மேலே ஏதோ இதில் நெருடுகிறது.

அட்டவணைக்குள்ளேயே ஓர் ஓட்டையும் இருக்கிறது. ஆயிரவருஷ அரசாட்சியில் எசேக்கியேலின் ஆலயத்தில் பாவநிவாரண பலி செலுத்தப்படும் என்றால், “இனிப் பாவத்தினிமித்தம் பலி செலுத்தப்படுவதில்லையே” என்ற எபிரெயர் 10:18 என்ன ஆகும்? வெறும் நினைவுப் பலி என்று ஸ்கோஃபீல்டின் குறிப்பு சமாளிக்கிறது. எசேக்கியேல் 45ஆம் அதிகாரமோ பாவநிவிர்த்திக்காக என்றே சொல்கிறது. வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுக்கவேண்டும் என்று கட்சி கட்டுகிறவர்கள் அடையாளப் பொருளுக்கு ஓடிப்போகும் இடம் இது.

நம்பிக்கை செயலில் இறங்கினால் என்னாகும் என்பதற்கு 1969 ஆகஸ்ட் 21 இருக்கிறது. டெனிஸ் மைக்கேல் ரோஹன் என்ற ஆஸ்திரேலியக் கிறிஸ்தவர், ஆலயம் எழும்ப வழி திறப்பதாக நினைத்து அல்-அக்ஸா மசூதிக்குத் தீவைத்தார். சலாஹுத்தீன் கொண்டுவந்து நிறுவிய பழைய மரப் பிரசங்க மேடை எரிந்துபோனது. மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் கண்டது. ஆனால் அடுத்த மாதமே முஸ்லிம் நாடுகள் ரபாத்தில் கூடின, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு பிறந்தது. 1984இல் பிடிபட்ட யூதத் தலைமறைவுக் குழு ஒன்று குவிமாடத்தை வெடிவைத்துத் தகர்க்கத் திட்டம் தீட்டியிருந்தது தெரியவந்தது. 1990 அக்டோபரில் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்போவதாக ஒரு குழு அறிவித்ததை ஒட்டி நடந்த மோதலில் குறைந்தது 17 பலஸ்தீனர் போலீஸாரால் சுடப்பட்டு இறந்தார்கள். கல் மேடையைத் தொடவேயில்லை. 2024 ஜனவரியில் காஸா போரின் நூறாம் நாள் உரையில் ஹமாஸின் பேச்சாளர் அபு உபைதா, போருக்கான காரணங்களில் ஒன்றாகச் ‘சிவப்பு மாடுகள்’ கொண்டுவரப்பட்டதையும் சொன்னார். டெக்சாஸ் பண்ணையில் பிறந்த கன்றுகள் அவை.